ஆறிலிருந்து இருபதுக்குள்

முதல் இரண்டு மாதம் செவ்வாய்தோறும்
விடியுமுன் பகாவ் பஸ் நிலையம்.
சிரம்பான் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம்,
நடை மெஷினில் இருபது நிமிடம்.
முப்பத்தோரு வருஷம் செம்பனைக்கு அடியில்
உதிர்பழம் பொறுக்கி நடந்தவளை
நின்ற இடத்திலேயே நடக்கச் சொன்னார்கள்.
போய்ச் சேர ஊரில்லாத நடை.
சிரிப்பு வந்தது, நெஞ்சுத் தையல் இழுத்தது.

பக்கத்து மெஷினில் ஓங்,
ரொம்பினில் லோரி டயர் விற்பவர்.
பசார் மலாயில் பத்து வார்த்தை பேசியிருப்போம்.
ஒருநாள் சட்டைப் பொத்தானைக் கழற்றித்
தன் தையலைக் காட்டினார்.
என்னுடையதை நான் எப்படிக் காட்ட?
கழுத்தடியிலிருந்து விரலால்
சேலைக்கு மேலே ஒரு கோடு இழுத்தேன்.
தலையாட்டிக்கொண்டார்.

"ஆறிலிருந்து இருபதுக்குள்
எவ்வளவு சிரமம், புவான் சூசையம்மா?"
ஹஸ்னிதா கேட்பாள்.
நான் எண் தேடுவதற்குள்
என் உதட்டைப் பார்த்து
வேகத்தைக் குறைத்துவிடுவாள்.

துணைக்கு வந்த மருமகளுக்கு லீவு தீர்ந்தது.
போனிலேயே செய்யலாம் என்றார்கள்.

கொல்லையில் தண்ணீர்த் தொட்டிமேல் மைலோ டின்,
அதில் சாய்த்த போன். அங்கேதான் லைன்.
மணிக்கட்டில் நாடி எண்ணும் கடிகாரம்.
பஸ் காசு மிச்சம், பாதை வளைவில் வரும் குமட்டல் மிச்சம்.
பின்வாசல் படியில் ஏறி இறங்குகிறேன்,
என் படி, நான் தினமும் துணி சுமந்து ஏறுவது.
மெஷினில் ஒருநாளும் வராத வேர்வை
இங்கே வருகிறது.
"என்னக்கா, டான்ஸா?" என்கிறாள் வேலிக்கு அப்பால் மேகலை.

மழை பிடித்தால் ஹஸ்னிதா உறைந்து போவாள்,
வாய் திறந்தபடி, ஒரு கை மேலே.
அவள் திரும்பி வரும்வரை
நானும் கையைத் தூக்கியே நிற்பேன்.

"எவ்வளவு சிரமம்?"
பதினொன்று என்பேன்.
உள்ளங்கை அகலத் திரையில் உதட்டு நிறம் தெரியாது.
பதினொன்று என்றால்
வேலையில் இருக்கும் மகனை யாரும் கூப்பிடமாட்டார்கள்.

இடது மூலைக் கட்டம் ஓங்குடையது.
மூன்று வாரமாகக் கறுப்பு, பெயர் மட்டும்.
மெஷின் காலியாக நின்றிருந்தால் கேட்டிருப்பேன்.
கட்டத்திடம் என்ன கேட்பது?

நேற்று ஹஸ்னிதா வரிசையாகக் கேட்டு வந்தாள்.
கறுப்புக்குள்ளிருந்து முதலில்
ஒரு சேவல் கூவியது.
அப்புறம், மூச்சு வாங்க,
"பதிமூன்று."

அடுத்தது நான்.
படியில் கை ஊன்றிக்கொண்டு
பதினைந்து என்றேன்.