காற்றுக்கு முகம் கொடுத்து

இரண்டு நாளாக யெர்கோ
கட்டம் போட்ட நோட்டில் கோடு கிழித்துக்கொண்டிருக்கிறார்.
இடப்பக்கம் வெள்ளை வண்டி. வலப்பக்கம் சாம்பல்.
தரைக்கும் அடிவயிற்றுக்கும் நடுவே
வெள்ளைக்குப் பதினெட்டு சென்டிமீட்டர், சாம்பலுக்கு இருபது.
டிக்கியில் மட்டும் வெள்ளைக்கு நாற்பது லிட்டர் கூடுதல்.
நாற்பது லிட்டர் என்றால் எவ்வளவு, என்றேன்.
பென்சிலைக் கடித்தபடி யோசித்துச் சொன்னார்:
ஒரு செம்மறிக் குட்டி. காலை மடக்கி.

புந்தா அரேனாஸில் வண்டி வாங்குகிறவர்
முதலில் கதவைப் பார்க்கவேண்டும்.
எங்கள் ஊரில் காற்று வீசுவதில்லை,
வசூல் செய்கிறது.
போன வருஷம் ரொட்டிக் கடை வாசலில்
பழைய வண்டியின் கதவைக்
கோழி இறக்கை போலத் திருகி வைத்துவிட்டுப் போனது.
அதனால் இங்கே எல்லோரும்
காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் நிறுத்துவோம்.

விற்கிற பையன் நிபால்டோ
வடக்கிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகிறது.
இரண்டையும் காற்றுக்கு முதுகு காட்டி நிறுத்தியிருந்தான்.
யெர்கோ அவனுக்கு அதைப் பற்றி
இருபது நிமிடம் சொன்னார்.
என்னோடு ஒரு வாரத்துக்குப் பேசுவதைவிட அதிகம்.
பையன் தலையாட்டினான். திருப்பி நிறுத்தவில்லை.

வெள்ளையில் திரை பெரிது, மீன் வெட்டும் பலகை அளவு.
சூடு வேண்டுமென்றாலும் அதைத்தான் தொடவேண்டும்,
கையுறையைக் கழற்றிவிட்டு.
சாம்பலில் பொத்தான்கள். உருட்டிப் பார்த்தேன்.
கட்டைவிரலுக்குப் பிடித்திருந்தது.
வெள்ளையின் டிக்கித் தரையைத் தூக்கினேன்:
ஒரு பசைப் புட்டி, பொம்மை போலக் காற்றடிக்கும் மோட்டார்.
ஸ்டெப்னி எங்கே?
இப்போதெல்லாம் இதுதான், சென்யோரா.
சாம்பலின் தரைக்கு அடியில்
முழுச் சக்கரம் ஒன்று
சுருண்டு படுத்த நாய் மாதிரி இருந்தது.

நான் வாரம் ஒருமுறை படகில் நீரிணையைக் கடந்து
பண்ணை பண்ணையாக ஆடுகளுக்கு ஊசி போடப் போகிறவள்.
அந்தப் பக்கம் முழுக்க ஜல்லிச் சாலை.
டயர் வெடித்தால் வேலியோரம் ஒரு குவானாக்கோ வரும்,
நீளக் கழுத்தைத் திருப்பிப் பார்க்கும்,
மேயப் போய்விடும்.
எனக்கு முடிவு அங்கேயே ஆகிவிட்டது.
யெர்கோவின் நோட்டில் இன்னும் ஒன்பது வரி மிச்சம்.

அடுத்த வரி: பின் இருக்கை, முழங்கால் இடம்.

முப்பத்தோரு வருஷத்தில் இவருக்கும் எனக்கும் நான்கு வண்டிகள்.
பின்னால் யார் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்:
மகன், அவனுடைய சேற்றுப் பூட்ஸ்,
காய்ச்சல் கண்ட கிடா ஒன்று, இவருடைய அக்கா.
நாங்கள் இருவரும் உட்கார்ந்ததே இல்லை.
அளப்பதற்காக ஏறினோம்.
வெள்ளையில் அளந்தார், எழுதினார், இறங்கினோம்.
சாம்பலில் ஏறிக் கதவைச் சாத்தியதும்
ஆலங்கட்டி கொட்ட ஆரம்பித்தது.
நிபால்டோ சாவியோடு ஓடிவிட்டான்.

முன்னால் இரண்டு காலி இருக்கைகள்.
ஓட்ட ஆளில்லாத ஸ்டியரிங்.
கண்ணாடிக்கு வெளியே எதுவும் தெரியவில்லை.
யெர்கோ முழங்காலிலிருந்து டேப்பை நீட்டினார்,
நீட்டியபடியே கேட்டார்:
ஈவோ திரும்பி வரமாட்டான், இல்லையா?

முன் இருக்கைகளில் இது சுலபம்.
ஒருவர் ஓட்டலாம். மற்றவர் வழி பார்க்கலாம்.
அன்டோஃபகஸ்தா, சுரங்கம், சம்பளம் என்று
அரைவாக்கியத்தில் அடுத்த வளைவு வந்துவிடும்.
இங்கே வளைவு ஏதும் வரவில்லை.

வரமாட்டான், என்றேன். வீடு பார்த்துவிட்டான்.
எப்போது சொன்னான்?
ஈஸ்டருக்கு.
இது நவம்பர்.

டேப் சரேலென்று பெட்டிக்குள் ஓடியது.
கூரைமேல் யாரோ கொண்டைக்கடலையைக் கொட்டிக்கொண்டே இருந்தார்கள்.
என் முழங்காலுக்கும் அவர் முழங்காலுக்கும் நடுவே
எவ்வளவு இடம் என்று அவர் அளக்கவில்லை.
நோட்டில் எழுதினார். எட்டிப் பார்த்தேன்:
வெள்ளை எழுபத்தொன்று. சாம்பல் அறுபத்தொன்பது.

மழை விட்டதும் நிபால்டோ வந்து என் பக்கக் கதவைத் திறந்தான்.
காற்று அதைப் பறிக்கப் பார்த்தது.
என் மடியைத் தாண்டிக் கைநீட்டி யெர்கோவும்,
நானும், ஒரே கைப்பிடியை இழுத்துப் பிடித்தோம்.
முதலில் வண்டியைத் திருப்பி நிறுத்து தம்பி, என்றார்.

சாம்பல்தான், என்றேன் நான்.

இன்னும் எட்டு வரி இருக்கிறது, என்றார்,
கையை எடுக்காமல்.