பேபி ஆஃப் ஒச்சம்மாள்

கறுப்புத் தாளில் சுற்றித்தான் வரும்
இரண்டாம் மாடியிலிருந்து அந்தச் சின்னக் குழாய்.
வெளிச்சம் பட்டால் மஞ்சள் உடைந்துவிடும்.
எண் குறைத்துக் காட்டும்.
குறைந்த எண்ணை நம்பிப் பிள்ளையை
வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.
அதனால் மேசை விளக்கை அணைத்துவிட்டுத்தான்
தாளைப் பிரிப்பேன்.

அதே வெளிச்சம் வேண்டித்தான் மேலே
நீல விளக்கின் கீழே கண்ணைக் கட்டிக்
கிடத்தியிருக்கிறார்கள் குழாயின் சொந்தக்காரியை.
பிறந்து நாலு நாள். பெயர் இல்லை.
லேபிளில்: பேபி ஆஃப் ஒச்சம்மாள், பெண்.

பத்தொன்பது புள்ளி நாலு.
போனில் இரண்டு முறை சொன்னேன்.
எழுதிக்கொண்டவளைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன்.
இன்னும் கொஞ்சம் ஏறினால்
மூளைக்குள் போகும் மஞ்சள்,
போனது திரும்பி வராது.

ராத்திரி பதினொன்றுக்கு ஒச்சம்மாள் இறங்கி வந்தாள்,
கருமாத்தூர்க்காரி,
தையல் வலிக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு.
"மொத நாளே கண்ணு மஞ்சளடிச்சுச்சு.
பச்சப்புள்ளைக்கு அப்படித்தான்,
காலை வெயில்ல காட்டுன்னாங்க.
நெஞ்சுக்கு வந்துச்சு. இன்னைக்குப் பாதத்துல.
நான் என்னத்தத் தின்னேன் சிஸ்டர்?
பப்பாளியா?"
நீ எதையும் தின்னவில்லை, ஒச்சம்மாள்.
உன் ரத்தம் ஓ, அவளுடையது பி.
உன்னுடையது அவளுடையதைக்
கொஞ்சம் அந்நியமாய் நினைத்துவிட்டது.
உடைந்த சிவப்பையெல்லாம் அள்ளிக் கொட்ட
அவள் கல்லீரல் இன்னும் வேலை பழகவில்லை.
மணிக்கணக்குப் பார்த்துப் பால் கொடு,
மஞ்சள் மலத்தோடு போகும்.
அவள் தலையாட்டினாள். பப்பாளியை
அவள் விடவில்லை என்று முகம் சொன்னது.

அந்த வாரம்தான் என் அண்ணனின் குழாயும் வந்தது.
ஞானப்பிரகாசம், நாற்பத்தேழு,
மாட்டுத்தாவணியில் டயர்க் கடை.
எனக்குச் சொல்லாமலே மூன்று வாரம்
உப்பில்லாக் கஞ்சி, மோரில் கீழாநெல்லி,
மணிக்கட்டில் சூடு போட்ட வட்டத் தழும்பு.
மையத்தில் சுற்றி நின்றபின் மேலே தெளிந்த நீர்
தேங்காய் எண்ணெய்போல் இருக்க வேண்டும்.
அவனுடையது பச்சை கலந்த பழுப்பு.
மொத்தம் பதினான்கு.
ஒரு எண்ணோடு முடிவதில்லை என் வேலை,
அதை இரண்டாய்ப் பிரிக்க வேண்டும்.
ஒச்சம்மாளின் பிள்ளைக்கு அநேகமாய் எல்லாமே
கல்லீரலுக்குள் நுழையக் காத்திருக்கும் மஞ்சள்.
அண்ணனுக்கோ, நுழைந்து, வேலை முடிந்து,
வெளியேற வழியில்லாமல் திரும்பிய மஞ்சள்.

"வெளிக்கு எப்படிப் போகுது?"
தங்கை கேட்கிற கேள்வியா என்று முறைத்தான்.
பிறகு மெல்ல, "சுண்ணாம்பு மாதிரி."
"அரிப்பு?"
சட்டையைத் தூக்கினான். முதுகெல்லாம் நகக்கோடு.
ஸ்கேனில் இருந்தது, பித்தக்குழாயின் வாயில்
புளியங்கொட்டை அளவு ஒரு கல்.
வாய்வழியே குழல் விட்டு எடுத்தார்கள்.
எந்த இலை அதை நகர்த்தியிருக்கும்?

கீழாநெல்லியை நான் திட்டவில்லை.
போன ஆடியில் ஒரே தெருவிலிருந்து பதினேழு பேர்.
சாக்கடையும் குடிநீரும்
எங்கேயோ மண்ணுக்கடியில் சேர்ந்திருந்தன.
கொதித்த தண்ணீரும் ஓய்வும் போதும் அவர்களுக்கு,
இலை குடித்தவனும் தேறினான், குடிக்காதவனும்.
இலைக்குத்தான் பெயர் வந்தது.
பதினேழில் ஒருத்தி ஏழு மாத கர்ப்பிணி.
அவள் குழாயை நான் இரண்டாம் முறை வாங்கவேயில்லை.

இந்த ஊரில் மஞ்சள் நல்ல நிறம்.
கல்யாணப் பத்திரிகையின் நாலு மூலையிலும் தடவுவோம்.
என்னிடம் வந்தால் மட்டும் அதற்குப் பின்னால்
என்ன இருக்கிறதென்று கேட்க வேண்டியிருக்கிறது.

மூன்றாம் நாள் பதினொன்று.
அடுத்த நாள் எட்டு.
ஷிப்ட் முடிந்து மேலே போனேன்.
வழக்கமாய்ப் போகிறவள் இல்லை.
"இவ என்ன நெறம்னே இன்னும் தெரியல சிஸ்டர்.
பொறந்தன்னைக்கு ஒரே செவப்பு,
அப்புறம் மஞ்சள்,
அப்புறம் இந்த லைட்டுல நீலமா..."
விளக்கை அணைத்தார்கள்.
கண்கட்டை அவிழ்த்து
ஜன்னலோரம் கொண்டுபோனாள்.
நானும் எட்டிப் பார்த்தேன்.

கறுப்பு.
உழுத கரிசலில் மழை விழுந்தாற்போல்
நல்ல கறுப்பு.

"அவங்கப்பன்தான்," என்றாள் ஒச்சம்மாள்.
சிரித்ததில் தையல் வலித்திருக்க வேண்டும்,
வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.