மூன்று மணித் தடம்

இந்தப் பேட்டைக்கு சூப்பூர் என்று பெயர்.
டார்ட்டு நகரத்தின் ஆற்றோரம்.
அவரைத் தெரு, உருளைக்கிழங்குத் தெரு, பட்டாணித் தெரு.
நான் பட்டாணியில், மாடியில்.
சனிக்கிழமை உப்புத்தாள் வாங்கி வந்தேன்,
சூப்புக்கு இல்லை.

கடைக்காரன் தாளைத் தடவிக் காட்டினான்:
"அறுபது வேண்டாம், மரத்தையே தின்றுவிடும்.
நூற்றைம்பது போதும்.
பழைய மினுக்கை மட்டும் எடு.
மினுக்கின் மேல் எதுவும் ஒட்டாது.
கொஞ்சம் கீறல் வேண்டும்,
புதுப்பூச்சு பிடித்து நிற்க."
அவன் வார்னிஷைப் பற்றித்தான் சொன்னான்.
இரண்டு டப்பா வாங்கினேன்.

கட்டிலை நகர்த்தினால்
அடியில் பலகை நேற்று அறுத்தது போல.
அடுப்பிலிருந்து ஜன்னலுக்கு,
ஜன்னலிலிருந்து கதவுக்கு
ஒரு தடம், வெளுத்து, சாம்பல் பூத்து,
ஆட்டுமந்தை போய்வந்த வழி மாதிரி.
எனக்கு முன்னால் குடியிருந்தவர்களைத் திட்டினேன்.
செருப்போடு திரிகிற ஆட்கள்.

தேய்த்தது எது, தேய்க்காதது எது என்று தெரிய
பென்சிலால் தரையெல்லாம் கிறுக்க வேண்டுமாம்;
கோடு அழிந்ததும் நிறுத்திவிட வேண்டுமாம்.
முதல் பலகையில் வெறும் சுழிகள்.
இரண்டாவதில் தண்ணீர்க் கட்டணம், பதினெட்டு யூரோ நாற்பது.
ஐந்தாவதில் ரொட்டித் தொழிற்சாலையின் மே மாதக் கணக்கு,
நேராத பிழை ஒன்றோடு.
எட்டாவதில் கை தானாகப் போய்
கௌப்போ என்று எழுதியது.
கையை நான் ஒன்றும் சொல்லவில்லை.

இயந்திரம் உள்ளங்கைக்குள் அடங்குவது.
ஆனால் ஊரைக் கூட்டும் குரல்.
நான்காவது பலகையில் கதவு இடிபட்டது.
கீழ்வீட்டு மைரே,
தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவு வேலை பார்ப்பவள்,
இரவு உடை, காலுறை,
தலையில் மாவு சலித்தது போல் என் வீட்டுத் தூள்.
கத்தத்தான் வந்தாள்.
வாயைத் திறந்தவள்
தரையைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

தடத்தில் ஏறி நின்றாள்.
நடந்தாள். ஏழு அடி. திரும்பினாள்.
"இங்கே, ஜன்னலில், கொஞ்ச நேரம் நிற்பாய்.
பிறகு நாலு அடி.
அப்புறம் இது."
குதிகாலால் ஒரு பலகையை அமுக்கினாள். அது முனகியது.
"லீவு நாளிலும் எனக்கு ராத்திரி தூக்கம் வராது.
மூன்று மணிக்கு நீ தொடங்குவாய்.
முதல் வருஷம் இரண்டு பேர் என்று நினைத்தேன்."
நான் மட்டும்தான், என்றேன்.
அப்போதுதான் தெரிந்தது
அந்த ஆட்டுமந்தை யார் என்று.

தூக்கம் போனது போனதுதான் என்று
ஒரு துண்டுத்தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.
வட்டத்தகடு எட்டாத மூலைகளை அவள் கையால் தேய்த்தாள்.
எட்டாவது பலகையில் முழங்கால் வைத்திருந்தாள்.
படித்திருப்பாள். கேட்கவில்லை.

மேஜைவிளக்கைத் தரையில் படுக்க வைத்தால்
குறையெல்லாம் நிழலாக எழுந்து நிற்கிறது.
பேர் அழிந்துவிட்டது, கடைசி எழுத்து தவிர.
அங்கே பலகையில் சிறு குழி.
குழிக்குள் ஒரு வட்டம்.
இன்னும் தேய்த்தால் மரம் வரும்.
விட்டுவிட்டேன்.
கேட்பவர்களிடம் சுழி என்று சொல்லலாம்.

ஈரத்துணியால் துடைத்து,
ஜன்னலில் தொடங்கிப் பின்னாலேயே நகர்ந்து
கதவுவரை பூசினேன்.
ஒரு நாள் முழுக்க யாரும் மிதிக்கக் கூடாது.
நான் உட்பட.

அன்று ராத்திரி மைரே வீட்டு சோபாவில் படுத்தேன்.
ஜூன் மாதம், மூன்று மணிக்கே வெளிச்சம்.
மேலே என் தரையின் அடிப்பக்கம்:
மெருகு காணாத மரம், கரி நிறம்,
இடுக்குகளில் பழைய செய்தித்தாள்.
இத்தனை நாள் இதை ஒருத்தி
அண்ணாந்து பார்த்துக் கிடந்திருக்கிறாள்.

அவள் அறைக்கதவு திறந்தே இருந்தது.
"தூங்கவில்லையா?" என்றேன்.
"சத்தமே இல்லையே," என்றாள்,
குறை சொல்வது போல.
மேலே ஏதோ பலகை உலர்ந்து
ஒருமுறை சொடுக்கியது.
இரண்டு பேரும் எண்ணத் தொடங்கியிருக்க வேண்டும்.
இரண்டாவது அடி வரவேயில்லை.