நானூற்றெண்பது கிலோ

கதவு கிடையாது.
வேட்டியோடு ஒருமுறை தாண்டி ஏறினேன்,
காரிமங்கலம் பெட்ரோல் பங்க் மொத்தமும் பார்த்தது.

ஃபாஸ்டேக் ஒட்டக் கண்ணாடி ஏது?
நெத்தியில ஒட்டிக்கோண்ணா என்கிறான்
தொப்பூர் டோல்கேட் பையன்,
என் தலைக்கு மேல் எங்கிருந்தோ.

மாரண்டஹள்ளி ரோட்டு வேகத்தடை ஒவ்வொன்றையும்
என் அடிவயிறு அறியும்.
குறுக்கே, பாம்புபோல, அங்குலம் அங்குலமாய்.
பின்னால் டவுன் பஸ் அலறும்.
மழைக்குத் தார்ப்பாய் உண்டு, வைக்கத்தான் இடமில்லை.
மடித்து அதன்மேல் உட்கார்ந்தே நனைகிறேன்.

மாதம்மாள் ஒரே தடவை வந்தாள்.
பாலக்கோட்டுத் தக்காளி அவள் மடியில்.
சைலன்சர் சூட்டில் வீடு வருமுன் பாதி ரசம்.
ரெண்டு கறவை மாடு வாங்கியிருக்கலாம்
என்று இறங்கினாள், அதாவது
என் தோளை மிதித்து வெளியேறினாள்.

நேற்று பேட்டரி செத்துப்போனது.
முந்தானையைச் செருகிக்கொண்டு
தனியாளாகத் தள்ளினாள்.
இதுக்காவது லேசா இருக்கே, சனியன்.

ஏரிக்கரை இறக்கத்தில் இன்ஜின் இருமிப் பிடித்தது.
ஓடிவந்து, கேட்காமல், தாவி விழுந்தாள் பக்கத்தில்.
கொண்டை அவிழ்ந்து என் கண்ணில் அடிக்கிறது.
வீடு தாண்டிப் போச்சு என்றேன்.

நிறுத்தாத.
நின்னா மறுபடி நான்தான தள்ளணும்.