மருந்தறையில் பத்து நிமிடம்

மூச்சை எண்ணச் சொன்னார்கள்,
மஞ்சக்குப்பத்தில், ஏசி ஹாலில், பாய் போட்டு.
இங்கே முதுநகரில், ராத்திரி ரெண்டரைக்கு
மருந்தறை ஸ்டூலில் உட்கார்ந்து எண்ணுகிறேன்.
ஒன்று. இரண்டு.
மூன்றில் மாத்திரைத் தட்டு வந்துவிடுகிறது;
நான்கில், போன வாரம்
அஞ்சலாட்சி கடித்த என் மணிக்கட்டு.
மறுபடி ஒன்று.

தெற்குக் காற்றில் சிப்காட் வாடை.
எது வந்தாலும் கவனி, விரட்டாதே என்றார்கள்.
கவனிக்கிறேன்.
நாறுகிறது.

கதவுக்கு வெளியே அவள் குரல்,
தூங்காத இன்னொருத்தியிடம்:
"சத்தம் போடாதடி, சிஸ்டருக்கு மருந்து ஏறுது."

வாய்விட்டு எண்ணியிருக்கிறேன் போல.
நான் நிறுத்திய இடத்திலிருந்து
அவள் தொடர்கிறாள்:
ஐந்து, பதினொன்று, ஒன்பது,
மறுபடி பதினொன்று.

சிரிப்பு வந்தது. அதை எண்ணவில்லை.
அடுத்த ஒன்பதில்
மூச்சை விட்டேன்.