பூவிலை

தை மாதம், சந்தூர்.
நாற்பத்தெட்டு மரம், அத்தனையும் பெங்களூரா.
பூவைப் பார்த்துத்தான் விலை பேசினேன்,
காயை யார் கண்டது.
திம்மராயன் ஒரு கொத்தை வளைத்து
உள்ளங்கையில் தட்டிக் காட்டினார்:
தத்துப்பூச்சி இல்லை.
மூன்றில் ஒரு பங்கை எண்ணிக் கொடுத்தேன்,
மீதி அறுப்பில்.
சாட்சிக்கு அவர் மகன் யுகேந்திரன் நின்றான்,
கண் மட்டும் கைபேசியில்.

அவனும் இதே வியாபாரம்தானாம்.
கச்சா எண்ணெய், மினி லாட்.
"எண்ணெய் வீட்டுக்கு வருமா?"
"வராதுக்கா. தேதிக்கு முன்னாடி வித்துடணும்."
முன்பேரம் என்று பெயர் சொன்னான்.
நாங்கள் பூவிலை என்போம்.
அவனுடையது ஆலங்கட்டி மழைக்கு உதிராது,
அவ்வளவுதான் வித்தியாசம்
என்று அன்றைக்கு நினைத்தேன்.

பங்குனியில் எங்கோ ஒரு நீரிணை அடைபட்டது.
வரைபடத்தை விரித்து விரித்துக் காட்டினான்,
சுண்டுவிரல் நகமளவு கடல்.
அன்றிரவு அவன் திரையில் பச்சைக் கோடு
சையத் பாஷா மலைபோலச் செங்குத்தாய் ஏறியது.
மறுநாள் புது செருப்பு போட்டிருந்தான்.
அதற்கு மறுநாள் யாரோ சமாதானம் என்று பேச
கோடு முறிந்து விழுந்தது.
மார்ஜின் போதவில்லை என்று
அப்பாவின் முன்பணத்தில்,
அதாவது என் பணத்தில்,
கை வைத்திருக்கிறான்.
இது எனக்கு வைகாசியில்தான் தெரியும்.

காவேரிப்பட்டணம் பங்கில்
எண்கள் மூன்று வாரம் அசையவில்லை.
பிறகு எண்பது காசு.
விடிந்தால் எண்பது காசு.
ஜபருல்லா வண்டியை நிறுத்தி
"ஃபுல்" என்று சொல்லும் பழக்கத்தை விட்டான்.
"ரெண்டாயிரத்துக்கு" என்பான்,
முள்ளைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான்.
நான் சாலையைப் பார்ப்பேன்.

காய் நன்றாகத்தான் பிடித்தது,
அது வேறு கொடுமை.
கூழ் ஆலை வாசலில் எனக்கு முன்னால்
முப்பத்தியோரு வண்டிகள்.
மேலாளர் கிடங்கைத் திறந்து காட்டினார்:
தம்மாமுக்கும் குவைத்துக்கும் போகவேண்டிய பீப்பாய்கள்
கூரை தொட அடுக்கியிருந்தன.
"எண்ணெய் வர்ற வாசல் வழியாத்தான்மா
உங்க மாங்கூழும் போகணும்."

அந்த நகமளவு கடல்.
அங்கிருந்து பீப்பாய் வராமல் டீசல் ஏறியது,
இங்கிருந்து பீப்பாய் போகாமல் மாங்காய் இறங்கியது.
ஒரே பூட்டு. எனக்கு மட்டும் இரண்டு பக்கமும் வெளியே.

வரிசையில் காத்திருந்த இரவில்
யுகேந்திரன் ஆறுதலாக ஒன்று சொன்னான்:
ஒரு வருஷம் எண்ணெய் விலை
பூஜ்யத்துக்குக் கீழே போனதாம்.
எடுத்துப் போகச் சொல்லிக் காசு கொடுத்தார்களாம்.
நான் வியப்பேன் என்று நினைத்தான்.

தம்பி,
நாலு வருஷத்துக்கு முன்பு பர்கூர் சாலையோரம்
ஆறு டன் காயைக் கொட்டியிருக்கிறேன்.
பறித்த கூலி, வண்டி வாடகை,
கொட்டியதற்குத் தனியாக ஒரு அபராதம்.
பூஜ்யத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று
எனக்குத் தெரியும்.
ஈ இருக்கிறது.

ஆவணியில் நீரிணை திறந்தது.
திரையில் ஒரே நாளில் சரிந்தது.
பங்கில் மட்டும்
தென்னையில் ஏறிவிட்ட பூனை மாதிரி
எண்கள் மேலேயே உட்கார்ந்துகொண்டு
கீழே பார்த்தன.

இப்போது மறுபடி தை.
நாற்பத்தெட்டு மரமும் பூத்திருக்கிறது,
போன வருஷம் ஒன்றுமே நடக்காததுபோல.
"என்ன விலை சொல்றீங்க?" என்றேன்.
திம்மராயன் மரத்தைப் பார்க்கவில்லை.
மகன் கைபேசியை வாங்கிக்
கண்ணுக்கு எட்டப் பிடித்துக்கொண்டு
"இரும்மா, குரூடு எவ்வளவுன்னு பாத்துக்கறேன்" என்றார்.

அந்த நேரத்தில் ஒரு கொத்தை வளைத்து
உள்ளங்கையில் தட்டினேன்.
இரண்டு தத்துப்பூச்சி விழுந்தன.
கையை மூடிக்கொண்டேன்,
பேரத்துக்கு ஆகும்.