பனிக்குப் போன சோடிப் பலகை

இரண்டு மணிக்கு முந்தல் தாண்டினோம்.
ஜீப்பின் தலையில் கயிறு போட்டுக் கட்டியிருந்தது
மொக்கராசு கொண்டுவந்த பலகை,
ஆள் உயரத்துக்கு ஒரு சோடி,
நுனி மட்டும் நிமிர்ந்து
வளைந்துபோன தோசைக்கரண்டி மாதிரி.

வழக்கமாக நான் ஏற்றுவது
ஏலக்காட்டுக்குப் பதினாலு பெண்கள்,
பதினாலு தூக்குவாளி.
போடியில் இன்று பெரிய முகூர்த்தம்,
காட்டுக்கு ஆளில்லை.
காலி வண்டி ஒவ்வொரு வளைவிலும் துள்ளியது.

நாலாவது வளைவில் பேச ஆரம்பித்தான்:
ஆஸ்திரியாவில் மலைமேல் ஓட்டல்,
பதினோரு குளிர்காலம்,
பாத்திரத் தொட்டிக்கு நேரே ஜன்னல்.
ஜன்னல் நிறைய வெள்ளை,
வெள்ளைக்குள் சிவப்பும் நீலமுமாய் ஆட்கள்.
ஒரு தட்டைத் தேய்த்துக் கவிழ்ப்பதற்குள்
உச்சியில் நின்றவர் அடிவாரத்தில் இருப்பார்.

நீ போகவே இல்லையா?
"டிக்கெட்டு விலை கேட்டேன்.
அப்புறம் கேக்கல."
எதிரே மிளகு லாரி.
விளக்கைத் தாழ்த்தி ஓரங்கட்டினேன்.
பலகை, எவனோ ஓட்டலில் விட்டுப்போனது.

மேட்டில் கேரளப் போலீஸ்
டார்ச்சைக் கூரைக்குத் தூக்கினார்.
"இது எந்தா, கட்டிலோ?"
"பனியில சறுக்குறது சார்."
மப்ளருக்குள் சிரித்தாரா தெரியவில்லை.
"வரும்போ எனிக்கும் கொறச்சு மஞ்ஞு கொண்டு வா."
மஞ்சு என்றால் நமக்கு மேகம்.
கம்பியைத் தூக்கினால் அந்தப் பக்கம்
அதுவே பனி.

பூப்பாறை, ஆனையிறங்கல்,
கேப் ரோட்டில் எதுவும் தெரியவில்லை,
தெரியாததை நம்பி ஓட்டினேன்.
மூணாறு கதவு திறக்கவில்லை.
குண்டளை தாண்டியதும்
ஸ்டியரிங் என் கையைக் கடித்தது.

செண்டுவாரைப் புல்சரிவு வெளுத்துக் கிடந்தது.
மொக்கராசு குந்தி விரலால் குத்திப் பார்த்தான்.
நகக்கண் ஆழம்.
பிரிட்ஜ் சுவரில் படியுமே, அவ்வளவுதான்.
"அங்க இடுப்பளவுடா" என்றான்,
அதில் இறங்காத இடுப்போடு.

பூட்ஸ் இரண்டு சைஸ் பெரிசு,
காலண்டர் தாளைத் திணித்துக்கொண்டான்.
பலகையில் மாட்டி, கம்பை ஊன்றி,
ஒரு தள்ளு.
நொறுநொறுவென்று ஆறடி.
ஏழும் இருக்கலாம்.
பிறகு ஒரு புல்குத்து.
விழுந்தவன் எழவில்லை,
வானத்தைப் பார்த்தபடி கிடந்தான்.
அடிபட்டதா என்று நான் கேட்கவில்லை.

லயத்துப் பாதையில் கம்பளி போர்த்தி
ஐந்து பெண்கள், கையில் கத்திரி.
முன்னால் வந்தவள் பேர் பவுனுத்தாயி,
பின்னால் வந்தவள் கூப்பிட்டதில் தெரிந்தது.
"பாக்க வந்தீகளா? நல்லாப் பாருங்க.
கீழ் பீல்டு பூராச் சுட்டுப்போட்டுது."
எது?
"பனிதான். வெயில் விழட்டும்,
கொழுந்தெல்லாம் வறுத்த மாதிரி நிக்கும்.
கொழுந்து இல்லாட்டி கிலோ இல்ல,
கிலோ இல்லாட்டி..."
முடிக்காமல் பலகையைப் பார்த்தாள்.

"இதுக்கு எதுக்குய்யா கட்டை?"
இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் படுதாவை அவிழ்த்தாள்,
சரிவில் விரித்தாள், உட்கார்ந்தாள்,
கத்திரியை மற்றவளிடம் நீட்டிவிட்டு
போய்விட்டாள்.

நாற்பதடி. ஓடைக்கரை வரைக்கும்.
நடுவில் ஒரு தரம் சுற்றி
முகம் எங்களைப் பார்த்தது,
வாய் திறந்திருந்தது, சத்தம் பிறகுதான் வந்தது.
மேலே நின்ற நாலு பேரும்
அவளைக் கெட்ட வார்த்தையில் கொண்டாடினார்கள்.

மூச்சிரைக்க ஏறி வந்தாள்,
படுதாவை உதறிக் கட்டினாள்,
கத்திரியை வாங்கிக்கொண்டு
சுட்டுப்போன பீல்டுக்கு நடந்தாள்.
மொக்கராசு பூட்ஸைக் கழற்றினான்.
தோல்வி மாதிரித் தெரியவில்லை,
பசி மாதிரி இருந்தது.
வெயில் வந்தது. சரிவு பச்சையானது.

அதற்குள் ஒரு தூக்குவாளி நிறைய
வழித்துவைத்திருந்தான்.
மேட்டில் ஷிப்டு மாறியிருந்தது,
புது ஆள் பலகையைப் பார்த்தார்,
ஒன்றும் கேட்கவில்லை.
பதினேழு வளைவும்
அவன் மடியில் தளும்பிக்கொண்டே வந்தது.

முந்தலில் நிறுத்தச் சொன்னான்.
மூடியில் பாதி எனக்கு ஊற்றினான்.
ஒரு புல் மிதந்தது.
பல் கூசவில்லை.